வீட்டில் வார்த்த காரீயத் தூண்டில் எடைகளுக்கும் ஜிக் ஹெட்டுகளுக்கும் பவுடர் கோட்டிங்: வெப்பம், நேரம், எங்கே தவறுகிறது

கேள்வி இதுதான்: வீட்டில் வார்க்கும் ஜிக் ஹெட்டுகளில் (தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயத் தலைகள்) சாதாரண பெயிண்ட் நிற்பதில்லை. சூடாக்கிப் பவுடரில் தோய்த்தால் பளபளவென்று வருகிறது, ஆனால் பாறையில் ஒரு தடவை இடித்ததும் சில்லுசில்லாகத் தெறிக்கிறது. தவறு எங்கே, முதலிலிருந்து எப்படிச் செய்வது?

தெறிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பவுடர் உருகியிருக்கிறது, இறுகவில்லை. இந்த இரண்டும் வெவ்வேறு வெப்பநிலையில், வெவ்வேறு நேரத்தில் நடப்பவை. பவுடர் கோட்டிங்கில் இருப்பது தெர்மோசெட் வகைப் பிசின், அதாவது ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாதது. ஏறக்குறைய 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் அது இளகி, ஓடி, ஈரப் பெயிண்ட் போலப் பரவிவிடும். ஆறியதும் கண்ணாடிப் பளபளப்பு. வேலை முடிந்ததாகவே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த நிலையில் அது உடையக்கூடிய வெறும் பிளாஸ்டிக் படலம். பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்தால்தான் அடி தாங்கும், அசிட்டோன் தாங்கும். அந்தப் பிணைப்புக்கு 175 முதல் 200 டிகிரி வெப்பமும், அந்த வெப்பத்தில் பத்து முதல் இருபது நிமிடமும் தேவை. தோய்த்ததோடு நிறுத்துபவர்களுக்கும், ஓவனின் திருகு சொல்லும் எண்ணை நம்புபவர்களுக்கும் கோட்டிங் தெறிப்பது இதனால்தான்.

எந்த ஈயம்?

தூய காரீயம் உருகுவது 327 டிகிரியில். 200 டிகிரி ஓவனில் அதற்கு எந்த ஆபத்தும் இல்லை. பழைய சக்கர எடைகளில் உள்ளதுபோல ஆண்டிமனி கலந்த ஈயமும் பிரச்சினை தராது. ஈயமும் ஆண்டிமனியும் மட்டும் சேர்ந்த கலவை எந்த விகிதத்தில் இருந்தாலும் 252 டிகிரிக்குக் கீழே உருகத் தொடங்காது. கொஞ்சம் வெள்ளீயமும் சேர்ந்தால் இந்த எல்லை 240 அளவுக்கு இறங்கும். அப்போதும் ஓவனுக்கு மேலேதான் இருக்கிறது.

வம்பு செய்வது சால்டர், அதாவது உலோக இணைப்புகளைப் பற்றவைக்கும் ஈய–வெள்ளீயக் கலவை. பழைய சால்டர் கம்பிகளையும் கட்டிகளையும் பானையில் போட்டு உருக்குவோர் பலர். ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவையில், வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே 183 டிகிரியில் ஒரு பகுதி உருகத் தொடங்கிவிடும். ஓவனைத் திறந்தால் ஜிக் ஹெட்டின் மூக்கு தொங்கிப்போய், முள் சாய்ந்து கிடக்கும். ஈயமில்லாத மாற்றாக விற்கும் பிஸ்மத்–வெள்ளீயக் கலவை இன்னும் மோசம். 58 பங்கு பிஸ்மத்தும் 42 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது 138 டிகிரியிலேயே முழுக்கத் தண்ணீராகிவிடும். அதற்கு வழக்கமான பவுடர் கோட்டிங் செய்யவே முடியாது. காற்றில் உலரும் எப்பாக்சி பெயிண்ட்தான் வழி. தூய வெள்ளீயம் 232 டிகிரி வரை தாங்கும், எனவே 175-இல் இறுகும் பவுடரோடு ஒத்துப்போகும்.

எங்கிருந்தோ வந்த ஈயம் என்றால், அதில் வார்த்த ஒரே ஒரு துண்டைத் தகரத் தட்டில் வைத்து 210 டிகிரியில் இருபது நிமிடம் விடுங்கள். விளிம்புகள் கூர்மையாகவே இருந்தால் அந்தத் தொகுதி முழுவதும் தேறிவிட்டது. பழைய பேட்டரித் தகடுகளை மட்டும் பானைப் பக்கமே கொண்டுவர வேண்டாம். அமிலமும் ஈய சல்பேட் தூளும் ஒரு பக்கம். அவற்றின் கலவையில் இருக்கும் ஆர்சனிக், ஆண்டிமனி ஆகியவற்றிலிருந்து கொடிய நச்சு வாயுக்கள் உருவாகும் வாய்ப்பு இன்னொரு பக்கம்.

சுத்தம்

இன்று வார்த்ததை இன்றோ நாளையோ கோட் செய்வதுதான் சுலபமான சுத்தம். புதிய வார்ப்பு எண்ணெயில்லாமல் பளிச்சென்று இருக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் ஈயத்தின் மேல் சாம்பல்நிற, வெண்ணிறப் பூஞ்சல் படரும். அந்தப் பூஞ்சலின் மேல் ஒட்டும் கோட்டிங், பூஞ்சலோடு சேர்ந்து உரிந்து வரும். லேசாக இருந்தால் சோப்புத் தண்ணீருக்குள் வைத்தே நைலான் பிரஷால் தேய்க்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் பறப்பது ஈயத் தூள். கனமாகப் படர்ந்திருந்தால் திரும்ப உருக்கி வார்ப்பதே குறைந்த வேலை.

வினிகரில் ஊறப்போடுங்கள் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. வேண்டாம். வினிகர் ஈயத்தோடு சேர்ந்து உண்டாக்கும் ஈய அசிட்டேட் நீரில் எளிதாகக் கரையும் நஞ்சு. தோல், வாய், வடிகால் என்று எல்லா இடத்துக்கும் போகும்.

ஊற்றுவாய்க் காம்பை வெட்டுவது, பிசிறு நீக்குவது எல்லாம் கோட்டிங்குக்கு முன்பே முடிய வேண்டும். அரத்தை நனைத்துக்கொண்டு ராவினால் தூள் பறக்காது. அச்சில் பிடிக்காமலிருக்க சிலிகான் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். சிலிகான் பட்ட இடத்தில் பவுடர் உருகும்போது விலகி ஓடி, வட்ட வட்டமாக வெற்று உலோகம் தெரியும். அசிட்டோனில் எத்தனை முறை கழுவினாலும் அது முழுதாகப் போகாது. அச்சுக்கு மெழுகுவர்த்திப் புகைக்கரி போதும்.

கடைசியாக ஒரு முழுக்கு அசிட்டோனில், அல்லது 90 சதவீதத்துக்கு மேலான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில். பிறகு கையுறை இல்லாமல் தொடக்கூடாது. விரல்ரேகையின் எண்ணெயே போதும் கோட்டிங்கைக் கெடுக்க. நன்றாக ஆவியாகும்வரை, காற்றோட்டத்தில், ஹீட் கன்னும் (சூடான காற்றை ஊதும் கருவி) நெருப்பும் இல்லாத இடத்தில் வையுங்கள். அசிட்டோன் ஆவி தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

வார்ப்பில் நுண்துளைகள் அதிகம் என்று தெரிந்தால், கோட்டிங்குக்கு முன் வெறும் துண்டுகளை 205–210 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். துளைகளுக்குள் அடைபட்ட காற்றும் ஈரமும் அப்போதே வெளியேறிவிடும். இல்லையென்றால் அவை பவுடர் உருகியபின் அதைத் துளைத்துக்கொண்டு வந்து, ஊசிக்குத்துப் போன்ற ஓட்டைகளை விட்டுச்செல்லும்.

சூடாக்கித் தோய்ப்பது

முள் உள்ள ஜிக் ஹெட்டுக்கு இதுவே சிறந்த முறை. முள்ளின் வளைவை நீண்ட மூக்குக் குறடாலோ பூட்டும் ஃபோர்செப்ஸாலோ பிடித்து, ஈயத் தலையை மட்டும் ஹீட் கன்னின் முன் சுழற்றி, பவுடருக்குள் ஒரு விநாடி அசைத்து, உடனே எடுத்து, குறடைத் தட்டி உதிரிப் பவுடரை விழச் செய்ய வேண்டும். சொல்வதற்கு அவ்வளவுதான். கைக்கு வர வேண்டியது சூட்டின் அளவு.

ஈயம் வெப்பத்தைத் தேக்கிவைக்காத உலோகம். ஒரே பருமனுள்ள இரும்பு பிடித்துவைக்கும் வெப்பத்தில் பாதியைக்கூட ஈயம் பிடிக்காது. அதனால் 3 கிராம் தலை, ஹீட் கன்னிலிருந்து பவுடருக்குப் போகும் இரண்டு விநாடியிலேயே கணிசமாக ஆறிவிடும். 30 கிராம் தலையோ வெளியே எடுத்தபின்னும் பவுடரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே சிறியதைச் சற்று அதிகமாகச் சூடாக்கி விரைந்து தோய்க்க வேண்டும்; பெரியதைக் குறைவாகச் சூடாக்கி, இன்னும் குறைந்த நேரம் தோய்க்க வேண்டும். சாதாரண ஹீட் கன்னில் 3–4 கிராம் தலைக்குப் பத்து விநாடி அளவும், 15 கிராம் தலைக்கு அரை நிமிடம் அளவும் என்று தொடங்கி, கிடைக்கும் படலத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

எடுத்த உடனே பார்க்கும்போது மேற்பரப்பு பவுடராகவே, மங்கலாக இருந்து, மூன்று நான்கு விநாடியில் தானாக உருகிப் பளபளப்பானால் சூடு சரி. எடுத்ததும் உருகி ஓடிக்கொண்டிருந்தால் சூடு அதிகம். படலம் தடித்துவிட்டது, ஓவனில் மூக்கில் சொட்டு தொங்கும். உருகாமல் மாவுபோலவே நின்றால் சூடு குறைவு. அதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை, ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்துச் சற்றுக் காட்டினால் உருகிவிடும். கிட்டே பிடித்தால் காற்று பவுடரை ஊதித் தள்ளும்.

மெழுகுவர்த்திச் சுடரில் கரி படியும்; ஸ்பிரிட் விளக்கு சுத்தமாக எரியும். ஆனால் எந்தச் சுடராக இருந்தாலும் பவுடர்ப் புகை இருக்கும் இடத்தில் ஆபத்துதான். காற்றில் மிதக்கும் நுண்தூள் வெடிக்கும் தன்மை கொண்டது. சுடரும் காற்றூட்டிய பவுடர்க் கோப்பையும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை முள்ளுக்கு. எஃகு முள்ளின் பதம் வெப்பத்தால் கெடும். 200 டிகிரி ஓவன் அதைத் தொடுவதில்லை. ஹீட் கன் காற்றோ சுடரோ நேராக முள்ளின் மேல் பட்டால் நிறம் மாறத் தொடங்கும்: 220–230 டிகிரி அளவில் வெளிர் வைக்கோல் நிறம், 300-ஐ நெருங்கினால் நீலம். பூச்சு பூசிய முள்ளில் நிறமாற்றம் மறைந்துவிடும் என்பதால், தலையை மட்டும் சூடாக்கும் பழக்கமே பாதுகாப்பு. நீலம் தெரிந்த முள்ளை மீனுக்கு அனுப்பாதீர்கள். நேராகிவிடும், அல்லது ஒடியும்.

நிறைய தலைகள் இருந்தால் எல்லாவற்றையும் ஓவனில் 175–180 டிகிரியில் ஒன்றாகச் சூடாக்கி, ஒவ்வொன்றாக எடுத்துத் தோய்க்கலாம். சூடு ஒரே சீராக இருக்கும், படலமும் சீராக வரும். ஓவன் கதவை ஒவ்வொரு முறையும் திறப்பதால் வெப்பம் இறங்கும். ஐந்தாறு எடுத்ததும் சில நிமிடம் பொறுத்துத் தொடருங்கள்.

பவுடரை மிதக்கவிடும் கோப்பை

குப்பியில் கெட்டிபட்டுக் கிடக்கும் பவுடரில் தோய்த்தால் ஒரு பக்கம் தடிப்பும் மறுபக்கம் வெறுமையுமாக வரும். பத்துப் பதினைந்து தலைகளுக்குக் குப்பியை மூடிக் குலுக்கி, திறந்த உடனே தோய்த்தால் போதும். அதற்கு மேல் என்றால் காற்றூட்டிய கோப்பை, அதாவது ஃப்ளூயிட் பெட், செய்துகொள்வது நல்லது. 50 மி.மீ. பி.வி.சி. குழாயில் இரண்டு துண்டுகள்: மேல்துண்டு 120 மி.மீ., கீழ்த்துண்டு 40 மி.மீ. இரண்டுக்கும் நடுவே காற்று மட்டும் புகும், பவுடர் இறங்காத சவ்வு. தடித்த காபி வடிதாளை இரண்டாக மடித்தும் போடலாம். கிழியாத செயற்கைத் தாள் உறையின் துண்டு இன்னும் நாள்பட உழைக்கும். அடியை மூடி, கீழ்த்துண்டின் பக்கவாட்டில் ஒரு துளையிட்டு, மீன்தொட்டி ஏர் பம்பின் குழாயைச் செருகி, நடுவில் ஒரு வால்வு வையுங்கள். இணைப்புகளில் காற்று கசிந்தால் சவ்வுக்குக் காற்று போதாது. சூடான பசை போட்டு அடைத்துவிடுங்கள்.

பவுடரை 50–60 மி.மீ. உயரம் நிரப்பி வால்வை மெல்லத் திறந்தால், பவுடர் கால் பங்கிலிருந்து பாதிவரை உயர்ந்து, மேற்பரப்பு நீர்போல் லேசாக அலையாட வேண்டும். அங்கங்கே குழி விழுந்து பீறிட்டால் காற்று அதிகம், அல்லது பவுடரில் ஈரம். ஈரமானால் பவுடரைச் சல்லடையில் சலித்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். அவசரப்பட்டு ஓவனில் காயவைத்தால் கட்டியாகிவிடும்.

பவுடர் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு பலரை ஆச்சரியப்படுத்தும். 10 கிராம் ஈயம் உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு 4.5 சதுர செ.மீ. அளவுதான். 70 மைக்ரான் தடிமனுக்கு 0.05 கிராம் பவுடர் போதும். சிந்தல் சிதறலில் பாதி போனாலும் 50 கிராம் பவுடரில் ஐந்நூறு தலைகளை முடிக்கலாம். ஆகவே மலிவான பவுடரைத் தேடி அலைவதில் அர்த்தமில்லை.

முள்ளில்லாத எடைகளுக்குக் குலுக்கும் முறை

உருண்டை, முட்டை வடிவ எடைகளுக்குச் சூடாக்காமலே பவுடர் ஏற்றலாம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று எண் இருக்கும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவில், 10–20 கிராம் எடைகள் இருபத்தைந்து, 6 மி.மீ. பிளாஸ்டிக் மணிகள் இரண்டு கைப்பிடி, பவுடர் ஒரு தேக்கரண்டி போட்டு மூடி, ஒரு நிமிடம் வட்டமாகச் சுழற்றுங்கள். உராய்வில் பிறக்கும் நிலைமின்னேற்றம்தான் பவுடரை ஈயத்தில் ஒட்டவைக்கிறது. மேலும் கீழுமாக உலுக்கினால் ஈயம் ஒன்றோடொன்று மோதி நசுங்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் மின்னேற்றம் நிற்காது, பவுடர் திட்டுத்திட்டாக ஒட்டும். அந்த நாளில் இந்த முறையை விட்டுவிட்டுச் சூடாக்கித் தோய்ப்பதே மேல்.

எடுக்கும்போது நுனி மெல்லிய இடுக்கியால் எடுத்து, ஒட்டாத சிலிகான் விரிப்பின் மேல் ஒன்றையொன்று தொடாமல் வைக்க வேண்டும். இடுக்கி பட்ட இடமும் அடியும் வெறுமையாக நிற்கும். அதற்குத்தான் இரண்டாவது பூச்சு. முதல் பூச்சைத் தடிப்பாகப் போட்டு ஒரே தடவையில் முடிக்க நினைத்தால், ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகி, மூலைகளில் வழிந்து கட்டியாகும். நடுவில் துளையுள்ள எடைகளை மெல்லிய கம்பியில் கோத்துச் சட்டத்தில் தொங்கவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. துளையின் வாயிலும் படலம் படிந்தால் இன்னும் நல்லது; ஈய விளிம்பின் கூர்மை தூண்டில் நரம்பை அறுப்பது குறையும். மின்னேற்றத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கம்பிச் சட்டத்தை எர்த் செய்து அதிலேயே தெளிக்கலாம். இவ்வளவு சிறிய துண்டுகளுக்காக ஒன்றை வாங்குவது வீண்.

காதை அடைக்காமல்

முள்ளின் காது (நரம்பைக் கட்டும் வளையம்) அடைபடுவது ஜிக் ஹெட்டில் எல்லோருக்கும் வரும் எரிச்சல். தோய்த்து எடுத்து, பவுடர் உருகிப் பளபளப்பான அந்தச் சில விநாடிக்குள் ஒரு ஊசியை நுழைத்து எடுத்துவிட்டால் காது சுத்தமாகிவிடும். ஓவனுக்குப் போய் வந்தபின் அதே வேலைக்கு ட்ரில் பிட் வேண்டும், விளிம்பில் படலமும் உரியும். ஓவனில் ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

இறுக்குவது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். உணவுக்கு இனி ஒருபோதும் பயன்படுத்தாத தனி டோஸ்டர் ஓவன், வீட்டுக்கு வெளியே அல்லது காற்றோட்டமுள்ள இடத்தில். அதன் திருகில் 200 என்றிருந்தால் உள்ளே 170-ஓ 230-ஓ இருக்கலாம். வெப்பம் கூடிக் குறைந்து ஊசலாடிக்கொண்டும் இருக்கும். உள்ளே வைக்கும் தனி வெப்பமானி அவசியம். அதைவிடச் சிறந்தது, ஒரு பழைய எடையில் துளையிட்டு, மல்ட்டிமீட்டரோடு வரும் கே வகைத் தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி) செருகி, அதை மற்றவற்றோடு ஓவனில் வைப்பது. பவுடர் பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரம் உலோகத்தின் வெப்பத்துக்கான நேரம். காற்று 200 டிகிரியைத் தொட்டது என்பதற்காகக் கடிகாரத்தைத் தொடங்கக்கூடாது. சிறிய தலைகள் சீக்கிரம் ஏறிவிடும். 100 கிராம் கட்டிகளுக்கு இருபது நிமிடமும் ஆகலாம்.

தூண்டில் பொருட்களுக்கென்று விற்கும் பவுடர்கள் பொதுவாக 175 டிகிரியில் 15–20 நிமிடம் கேட்பவை. தொழிற்சாலைக்கான பாலியெஸ்டர் பவுடர்கள் பெரும்பாலும் உலோகம் 200 டிகிரியில் பத்து நிமிடம். பொட்டலத்தில் என்ன இருக்கிறதோ அதுவே விதி. ஐந்து நிமிடம் கூடினால் பெரிய நஷ்டமில்லை, வெள்ளை மட்டும் சற்றுப் பழுப்பேறும். ஐந்து நிமிடம் குறைந்தால் படலம் இறுகாமலே நின்றுவிடும்.

ஓவனை முதலில் கால் மணி நேரம் சூடாக்குங்கள். ஜிக் ஹெட்டுகளை முள் வளைவில் கம்பிச் சட்டத்தில் தொங்கவிட்டு, சூடாகும் கம்பிக்கும் அவற்றுக்கும் நடுவே அலுமினியத் தாள் ஒன்றைத் தடுப்பாக வையுங்கள். நேரடிக் கதிர்வீச்சு பட்ட பக்கம் கொப்பளித்து நிறம் மாறும், மறுபக்கம் வேகாமல் நிற்கும். முடிந்ததும் சட்டத்தோடு வெளியே எடுத்து, தானாக ஆறவிடுங்கள். சூட்டில் கை வைத்தால் படலம் இன்னும் மென்மையாகவே இருக்கும், ரேகை பதியும்.

சோதனை

ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றைப் பலிகொடுங்கள். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் முப்பது முறை போய் வந்து தேயுங்கள். துணியில் லேசான சாயல், மேற்பரப்பில் சற்று மங்கல் என்றால் சரி. துணியில் நிறம் அப்பிக்கொண்டு, மேற்பரப்பு பிசுபிசுத்தால் இறுகவில்லை. பிறகு அதே துண்டை இரும்புக் கட்டியின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டையாக அடியுங்கள். நன்றாக இறுகிய படலம் ஈயத்தோடு சேர்ந்தே விரியும். விளிம்பில் வெடிப்பு விடலாம், செதிலாகப் பறக்காது. கண்ணாடிபோல் நொறுங்கினால் இறுகவில்லை. நொறுங்காமல் பெரிய தோலாகக் கழன்று வந்தால் படலம் இறுகியது, ஆனால் அடியில் சுத்தமில்லை. இந்த இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். ஒன்றுக்கு மருந்து ஓவன், மற்றதற்கு அசிட்டோன்.

இறுகாத தொகுதியைத் தூக்கிப்போட வேண்டாம். சரியான வெப்பத்தில் மறுபடி ஏற்றினால் விட்ட வேலையை அது முடித்துக்கொள்ளும்.

படலத்தில் ஊசித்துளைகள் இருந்து, வார்ப்பும் சுத்தமும் சரியாக இருந்தால், பவுடரின் வகையைப் பாருங்கள். பாலியெஸ்டர் பவுடர்களை இறுக்கும் பொருள் இரண்டு வகை. டி.ஜி.ஐ.சி. இறுகும்போது எதையும் வெளிவிடுவதில்லை. அதற்கு மாற்றான ஹெச்.ஏ.ஏ. இறுகும்போது நீராவியை வெளியிடும். படலம் 100 மைக்ரானைத் தாண்டித் தடித்தால் அந்த ஆவி மேலே வர வழியில்லாமல் குமிழியிடும். அப்படியென்றால் டி.ஜி.ஐ.சி.யே வாங்கிவிடலாமே என்று தோன்றும். டி.ஜி.ஐ.சி. மரபணுவைச் சேதப்படுத்தும் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டில் தூளைக் கையாள்பவருக்கு ஹெச்.ஏ.ஏ. வகையை மெல்லியதாகப் போடுவதே புத்திசாலித்தனம். எப்பாக்சி பவுடர்கள் ஒட்டுவதில் அருமை, வெயிலில் சுண்ணாம்புபோல வெளுத்துவிடும். தண்ணீருக்கடியில் கிடக்கும் கனத்த எடைகளுக்கு அது பொருட்டில்லை.

நிறங்கள்

ஒளிர் மஞ்சள், ஒளிர் சிவப்பு நிறங்கள் ஈயத்தின் சாம்பல் மேல் அழுக்காகத் தெரியும். முதலில் வெள்ளை, அதன் மேல்தான் அவற்றின் உயிர். இருட்டில் ஒளிரும் பவுடருக்கும் இதுவே. இரண்டு நிறம் வேண்டுமென்றால் தலையை அடிநிறத்தில் தோய்த்து, சூடு ஆறுவதற்குள் இரண்டாவது நிறத்தை மென்மையான பிரஷில் தொட்டு, பிரஷின் காம்பைத் தலைக்கு மேலே தட்டுங்கள். தூள் விழுந்த பக்கம் மட்டும் நிறம் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே முறை இறுக்கினால் போதும். ஒட்டும் கண்களும் அவற்றின் மேல் ஊற்றும் தெளிந்த பசையும் ஓவனுக்குப் பிறகுதான்.

நஞ்சைப் பற்றி

ஓவனின் 200 டிகிரியில் ஈய ஆவி பொருட்படுத்தும் அளவில் இல்லை. வார்க்கும் பானையிலும், 420 டிகிரிக்குள் வைத்திருந்தால், ஆவியைவிடக் கசடுத் தூள்தான் பெரிய எதிரி. கசடை வழித்துத் தட்டும்போது பறக்கும் சாம்பல் ஈய ஆக்சைடு. அதை மூடியுள்ள டப்பாவில் மெல்லக் கொட்டுங்கள். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கவும் சாதாரண வேக்குவம் வைக்கவும் கூடாது. உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் பட்டால் நீராவியாக வெடித்து உலோகத்தை முகத்தில் தெறிக்கும். நனைத்து ராவிய துண்டுகளை மறுபடி பானையில் போடும்போது நினைவிருக்கட்டும். வேலை உடுப்பு தனி, சாப்பாடு தனி, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வேண்டாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் ரத்தத்தில் கவனிக்க வேண்டிய ஈய அளவை 2021-இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று இறக்கியது. அவ்வளவு சிறிய அளவு, கையில் ஒட்டிய தூளிலிருந்தே வந்துவிடும். பவுடரைக் குலுக்கும்போதும் தெளிக்கும்போதும் என்95 அல்லது அதற்கு மேலான முகக்கவசம்.

கோட்டிங் கையில் ஈயம் ஒட்டுவதைக் குறைக்கும். சட்டத்தின் கண்ணில் அது இன்னும் ஈயம்தான். இங்கிலாந்தில் 1987 முதல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள ஈயத் தூண்டில் எடைகளின் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை இருக்கிறது. கனடாவின் தேசியப் பூங்காக்களுக்குள் 50 கிராமுக்குக் குறைந்த ஈய எடைகளையும் ஜிக்குகளையும் கொண்டுபோகக் கூடாது. நீர்ப்பறவைகள் இரையை அரைக்கக் கூழாங்கல்லை விழுங்கும் பழக்கத்தில் இவற்றையும் விழுங்கிவிடுகின்றன. இரைப்பையின் அரைப்புக்கு முன் 70 மைக்ரான் படலம் அதிக நேரம் நிற்காது. மீன்பிடிக்கும் நீர்நிலையின் விதி என்ன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டிங் கெட்டுப்போன துண்டுகளைத் திரும்ப உருக்குவதாக இருந்தால், படலத்தை ஹீட் கன்னாலோ சுடராலோ எரித்து நீக்க முயல வேண்டாம். உலர்ந்த துண்டுகளைக் குளிர்ந்த பானையில் போட்டு, திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி நின்று சூடாக்குங்கள். ஈயம் உருகியதும் பிசின் கருகி மேலே மிதக்கும், புகை கடுமையாக இருக்கும். முட்களும் ஈயத்தைவிட லேசானவை, அவையும் மிதந்து வரும். கரண்டியால் கசடோடு சேர்த்து எடுத்துவிடலாம். புகை முழுக்க நின்றபின் மெழுகுத் துண்டு ஒன்றைப் போட்டுக் கிளறி, இன்னொரு முறை கசடு எடுத்தால் ஈயம் மறுபடி அச்சுக்குத் தயார். மெழுகு பானையில் குப்பென்று தீப்பிடிக்கும். கையை எட்டவே வைத்திருங்கள்.